பந்தில் படாத கால்

கல்லூரியில் பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பைனல்’ ரங்கசாமி. பதினொரு வருஷத்தில் நாலு தடவை மாவட்டக் கல்லூரிகளின் கால்பந்துக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரைக்கும் அணியைக் கொண்டுபோய், நாலு தடவையும் வெறுங்கையோடு திரும்பிய மனிதர். உடற்கல்வி ஆசிரியர். பி.டி. சார் என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் காதில் விழாதது போலவே நடந்துகொள்வார். அது விழுகிறது என்பதும், விழுந்த இடத்தில் வலிக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். பந்தைக் காலிலேயே வைத்துக் கொஞ்சுவதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் ஆட்டம். நம் பையன்கள் களி தின்று வளர்ந்தவர்கள். மூச்சு இருக்கிறது, நெளிவு சுளிவு இல்லை. ஆகையால் பந்து நம் பக்கம் வந்ததும் தூக்கி எதிராளியின் மூலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடு. அவன் அங்கிருந்து மைதானம் முழுக்க நடந்து வரட்டும். வருகிற வழியில் எங்காவது தடுமாறுவான். அந்த இடத்தில் காத்திரு. இதைக் கோழை ஆட்டம் என்று மற்றக் கல்லூரிக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தோற்றும் போனார்கள்.

இந்தக் கொள்கைக்குத் தேவை ஒரு கால். அந்தக் கால் வேடியப்பனுடையது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் பேக் ஆடுவான். கோல் கிக், ப்ரீ கிக் எதுவானாலும் அவன்தான் அடிக்க வேண்டும். அவன் அடித்த பந்து கீழே வருவதற்குள் ஒரு பீடி பிடித்துவிடலாம் என்று மைதானத்துக் காவல்காரர் சொல்வார். எங்கே விழ வேண்டும் என்று ரங்கசாமி விரலைக் காட்டினால், அந்த மூலையில் போய் விழும்.

அரையிறுதி ஆட்டம் முடிந்த சாயங்காலம் அவன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரங்கசாமியே வாணியம்பாடிக்கு பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார். முன்னெலும்பில் தலைமயிர் அகலத்தில் ஒரு கீறல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “ஒன்றரை மாசம் இந்தக் கால் பந்தைத் தொடக் கூடாது. நடக்கலாம், மெதுவா ஓடலாம். தொட்டா, எலும்பு ரெண்டாப் போகும்” என்றார்.

இறுதி ஆட்டத்துக்கு இருபது நாள் இருந்தது.

அன்றைக்கே அந்தப் படத்தைக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்துவிட்டு, பையனை அணியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ரங்கசாமி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டும்போதே இது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கைக்குச் சாவி திருப்பத் தெரிந்த அளவுக்கு மனசின் பேச்சைக் கேட்கத் தெரியவில்லை.

மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் யோசனை பிடிபட்டது. எதிராளிக்கு எக்ஸ்ரே தெரியாது. இறுதி ஆட்டத்தில் எதிரே நிற்கப்போகிற ஆற்காட்டு அணி இந்தக் காலுக்குப் பயந்து கிடக்கிறது. அவன் பந்துக்குப் பின்னால் போய் நின்றாலே போதும், பத்துப் பேரும் பின்வாங்கித் தங்கள் கோலுக்கு முன்னால் கூடுவார்கள். அவன் ஓடி வந்து பந்தைத் தாண்டிப் போய்விட வேண்டும். பின்னாலேயே வருகிற சுப்பிரமணி பந்தைப் பக்கவாட்டில் தட்ட, ஆளில்லாத இடது பக்கத்தில் கிருஷ்ணன் கொண்டுபோவான். பாம்பு கடிக்க வேண்டாம், படம் எடுத்தால் போதும்.

இறுதி ஆட்டம் அந்த வருஷம் மலையிலேயே வைத்திருந்தார்கள். புதிதாக வெட்டிச் சமன்படுத்திய மைதானத்தைப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. 1981, ஆடி மாசம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் பந்து என்ன பாடுபடும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ரங்கசாமி மலையேறினார். கால் விஷயம் தெரிந்ததிலிருந்து வேடியப்பனை அவன் அம்மா ஊரிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். பஸ் நின்ற இடத்திலிருந்து நாலு மைல் நடை. வழி நெடுகச் சாமைக் கொல்லைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. எதிரே வந்த இரண்டு பேர் இவரைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள், யாரென்று கேட்கவில்லை. மலையில் புது ஆளைப் பார்த்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் விடமாட்டார்கள். இவர் எதற்கு வருகிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது போலிருந்தது.

அவன் அம்மா பச்சையம்மா களத்தில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே பிள்ளை. இவரைக் கண்டதும் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“இன்னா சாரு, இவ்ளோ தூரம்.”

“வேடியப்பனைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேம்மா. ஞாயித்துக்கெழம ஆட்டம்.”

“அவன் வரமாட்டான் சாரு. காலுல கீறல் கீதுன்னு சொன்னாங்க இல்ல.” அவள் குரலில் கோபம் இல்லை. “பாரஸ்ட்டு வேலைக்கு ஆளு எடுக்குறாங்களாம். பதினஞ்சு மைலு நடக்க வுட்டுப் பாப்பாங்களாம். எங்க மலையில இருந்து இன்னும் ஒருத்தனும் போனதில்ல. இவன் போவான்னு ரேஞ்சரே சொல்லிக்கீறாரு. கால வச்சித்தான் சாரு அவன் பொழப்பு.”

வேடியப்பன் வாசற்படியில் நின்றிருந்தான். வெளியே இறங்கும்போது முதலில் அடிபட்ட வலது காலை வைத்து, அப்புறம் இடது காலைக் கொண்டுவந்து சேர்த்தான். ரங்கசாமி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புளியங்கொட்டைக் குவியலைப் பார்க்க ஆரம்பித்தார்.

“வலிக்குதாடா?”

“இல்ல சார். சுத்தமா இல்ல.”

பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆளுக்கு ஒரு காரணம் இருந்ததால் இரண்டு பேரும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ரங்கசாமி வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசினார். களத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். இங்கே பந்து. இங்கே இவன். ஓடி வருவான், பந்தைத் தாண்டிப் போவான், அடிக்கிறது வேறு ஆள். “அவன் கால் பந்து மேல படாதும்மா. எனக்கும் புள்ள இருக்கான். படாது.”

அவள் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் முகத்தில் இருந்த ஆசை, பெற்றவளுக்குத் தெரியாமலா போகும்.

“கற்பூரம் வேணா அடிச்சி சத்தியம் பண்றேம்மா” என்றார் ரங்கசாமி.

“சத்தியம்லாம் எதுக்கு சாரு. படிச்சவங்க, வாத்தியாரு. நீங்க சொன்னா போதும்.”

சத்தியம் கேட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திரும்பி நடக்கும்போது பின்னால் வேடியப்பன் விசிலடித்துக்கொண்டு வந்தான். அந்த விசில் அவரை நாலு மைலும் துரத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே காற்று. பந்தல் துணி இரண்டு தடவை பிய்ந்தது. கோல் கம்பத்தில் கட்டிய மாவிலைத் தோரணம் அறுந்து மைதானத்தின் நடுவில் உருண்டு போனது. மலைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மைதானத்துக்கு முந்தின வாரம்தான் மாட்டு எருவும் செம்மண்ணும் கொட்டி மிதித்திருந்தார்கள். ஈரம் இன்னும் போகவில்லை. ரங்கசாமி உட்கார்ந்த பெஞ்சுக்கு நேர் பின்னால், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பச்சையம்மா நின்றாள்.

முதல் பாதி காற்றுக்கு எதிரே. ஒரு கோலும் போடாமல், ஒரு கோலும் வாங்காமல் தப்பித்தார்கள். இடைவேளையில் வேடியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து காலுறைக்குள் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். பையன்கள் அவனையே பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் காற்று இவர்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வீசியது. ஆனாலும் பந்தைத் தூக்கிப் போட ஆளில்லை. சுப்பிரமணி அடித்த பந்தெல்லாம் பாதி வழியில் விழுந்து, அதே வேகத்தில் திரும்பி வந்தது. கொள்கை இருந்தது, கால் இல்லை.

முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆற்காட்டு ஆள் ஒருவன் கிருஷ்ணனைப் பிடித்துத் தள்ளினான். நடுவர் விசில் ஊதினார். ப்ரீ கிக். எந்த இடத்துக்காக இத்தனை நாள் காத்திருந்தாரோ, அதே இடம்.

ரங்கசாமி எழுந்தார். உட்காரு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது அவருடைய குரல்தான், நன்றாகத் தெரிந்த குரல். நாலு இறுதி ஆட்டத்திலும் கேட்காமல் இப்போது வந்து பேசுகிறதே என்று அதன் மேல் அவருக்கு எரிச்சல் வந்தது. உள்ளே இருந்த ஒருவனை வெளியே வரச் சொல்லிவிட்டு, வேடியப்பனின் முதுகில் தட்டி, “போ. தாண்டிப் போறது மட்டும்தான்” என்றார்.

அவன் உள்ளே இறங்கியதும் மலை ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அவர் நினைத்தபடியே ஆற்காட்டுக்காரர்கள் பின்னால் ஓட ஆரம்பித்தார்கள். ஒருவன், இரண்டு பேர், ஆறு பேர். இடது பக்கம் காலியானது. ரங்கசாமிக்கு மூச்சு நிதானமானது. அப்போதுதான் அவர்களுடைய கேப்டன் நின்றான். வேடியப்பன் பந்தை வைக்கக் குனிந்தபோது காலுறை கொஞ்சம் இறங்கியிருந்தது. கட்டுத்துணியின் வெள்ளை தெரிந்தது. கேப்டன் அதைப் பார்த்தான், சிரித்தான், கையைத் தட்டி ஆட்களைக் கூப்பிட்டான். “டேய், கால்ல கட்டு. அடிக்க மாட்டான். எல்லாம் மேல வாங்க.”

போன வேகத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். கிருஷ்ணனைச் சுற்றி மூன்று பேர், சுப்பிரமணிக்கு எதிரே நாலு பேர். கோல் காக்கிற கோலிகூட இடத்தை விட்டு வெகுதூரம் முன்னால் வந்துவிட்டான். தந்திரம் வெளுத்துப்போயிற்று. ஆனால் அவர்களுக்குப் பின்னால், கோல் வரைக்கும், மைதானம் ஆளே இல்லாமல் கிடந்தது. காற்று அந்தப் பக்கம்தான் வீசியது.

வேடியப்பன் அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி ரங்கசாமியைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்கிற பார்வை.

அந்தப் பையன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கோட்டு வரைக்கும் ஓடி, தொண்டை கிழியக் கத்தினார்.

“வுடு. வேடியப்பா, வுடுரா.”

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. ‘சண்டய வுடு’ என்றால், போதும், விலகிவிடு என்று அர்த்தம். ‘ரெண்டு வுடு’ என்றால், ஓங்கிப் போடு என்று அர்த்தம். எது என்பதைச் சொல்கிறவன் முகமும் குரலும்தான் காட்டும். காற்று குரலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆடுகிற கையிலிருந்து முப்பது கஜத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன் என்ன படிப்பான்? தன் மனசில் இருப்பதைத்தான் படிப்பான்.

வேடியப்பன் தலையாட்டினான். பின்னால் போனான். முந்தின நாள் ஒத்திகையில் நாலு எட்டு. இப்போது எட்டு எட்டு வைத்தான். ரங்கசாமி எண்ணினார். எண்ணி முடிக்கும்போது அவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

பந்து எழும்பியது. காற்று அதை வாங்கிக்கொண்டது. கோலியின் தலைக்கு மேலே போய், ஒரே ஒரு தரம் தரையில் குத்தி, வலைக்குள் போயிற்று. பந்து மேலே இருந்த அந்த இரண்டு விநாடியும் ரங்கசாமி சந்தோஷமாக இருந்தார். பின்னாளில் எதை மறந்தாலும் இதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. பையன் கீழே கிடக்கிறான், இவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜனங்களின் சத்தத்தில் எலும்பு முறிந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. முதலில் ஓடியது நடுவர். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, எருக் கலந்த சேற்றில் குத்தி நின்றது.

மலையிறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியில் ஜீப் ஒரு தடவை பஞ்சரானது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காயத்தில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவினார்கள், ஊசி போட்டார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் விரல் கறுத்தது. நாலாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கல்லூரியில் கோப்பைக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். காயம்பட்ட காலோடு பையனை இறக்கி, கடைசி நேரத்தில் துணிந்து அடிக்கச் சொன்ன பி.டி. சாரின் புத்தியே புத்தி என்று முதல்வர் மேடையில் பேசினார். அன்றோடு பட்டப்பெயர் போயிற்று. ரங்கசாமி அந்தப் பேச்சைத் தலைகுனிந்து கேட்டார். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பச்சையம்மா கட்டிலின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது.

வேடியப்பன் மெலிந்திருந்தான். கோப்பையைப் பற்றிக் கேட்டான். கோலி அழுதானா என்று கேட்டான்.

“சார், ஒண்ணு கேக்கட்டுங்களா.”

“கேளுடா.”

“அன்னிக்கு வுடுன்னு சொன்னீங்க இல்ல. அடிக்கச் சொன்னீங்களா, வேணாம்னு சொன்னீங்களா? படுத்துனு அதையேதான் நெனச்சினு கீறேன். மொத நாளு அடிக்கச் சொன்னீங்கன்னு தோணிச்சி. இப்ப வேணாம்னு சொன்ன மாதிரி கீது. வேணாம்னு சொல்லியிருந்தா, நானேதான சார் என் கால ஒடச்சிக்கினேன்.”

உண்மை ரங்கசாமியின் நாக்கு நுனியில் இருந்தது. வேணாம் என்றுதான் கத்தினேன், நீதான் தப்பாகக் கேட்டுவிட்டாய். அதைச் சொன்னால் அவர் மேல் குற்றமில்லை. பச்சையம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் தவறவில்லை. அந்தப் பக்கம் படுத்திருக்கிறவன் மட்டும் சாகும்வரை அதைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நடக்க வேண்டும்.

“அடிக்கத்தாண்டா சொன்னேன்” என்றார். “நீ சரியாத்தான் கேட்ட.”

வேடியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது. “அதான பாத்தேன்” என்றான். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான்.

ரங்கசாமி பழங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். பொய்யே ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஆறுதல் இருந்தது. தாழ்வாரத்தில் பச்சையம்மா பின்னாலேயே வந்தாள். கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்று இவள் இப்போது காறித் துப்பப் போகிறாள், துப்பட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

“சாரு. நானு உங்க பின்னாலதான் நின்னேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“வேணாம்னுதான் கத்துனீங்க. எனக்கு நல்லா கேட்டுது. உங்க மூஞ்சியும் பாத்தேன்.” அவள் குரல் தணிந்தே இருந்தது. “புள்ளைக்கு மாத்திச் சொன்னீங்க. அவன் மனசு ஆறட்டும்னு சொன்னீங்க. அது நல்லதுதாங்க. நானும் அவன்கிட்ட அப்படியேதான் சொல்லப் போறேன்.”

ரங்கசாமிக்குக் கண் கலங்கியது. கைகூப்பப் போனார். அவள் அதைப் பார்க்காதவள் போல அவர் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவே விளங்காத ஒன்றைப் படித்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் மாதிரி கேட்டாள்.

“வேணாம்னு அவ்ளோ சத்தமா கத்துறவரு, அவனை எதுக்குங்க உள்ள அனுப்புனீங்க?”

பதிலுக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள்.